விதைத்துவிட்டுப் போகிறவர்கள்



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு இன்று. நடந்து களைத்த இயேசு, உச்சி வெயிலில் யாக்கோபின் கிணற்றோரம் அமர்ந்து ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதை வாசிக்கக் கேட்டோம். வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிப் பலமுறை தியானித்திருக்கிறோம். இன்று அதே நற்செய்தியின் பின்பகுதிக்கு வாருங்கள். உணவு வாங்கப் போன சீடர்கள் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு ஆண்டவர் வயல்வெளியைக் காட்டி, விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்கிறார். பிறர் பாடுபட்ட இடத்தில் பலன் எடுக்கவே அவர்களை அனுப்பியதாகவும் சொல்கிறார். அவர் குடிக்கக் கேட்ட தண்ணீரும் முன்னோர் விட்டுச்சென்ற கிணற்றுத் தண்ணீர்தான்.

நம் பிள்ளைகளுக்குத் தேர்வு முடியப்போகிறது. கோடை விடுமுறைக்கு எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பதைக் கற்றுக்கொள்ள, கல்லூரியில் படிக்கும் மகனையும் மகளையும் இந்த முறை ஓர் இயற்கை விவசாயியின் வயலுக்கு அனுப்புங்கள். இதை யோசித்தே சொல்கிறேன்; உலகில் பலர் ஏற்கெனவே இப்படிச் செய்கிறார்கள்.

1971-இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பர்டு என்ற பெண்மணி, நகரவாசிகள் வார இறுதியில் வயலில் உழைத்துவிட்டு வர ஒரு வழி தேடினார். சசெக்ஸில் எமர்சன் கல்லூரியைச் சேர்ந்த பண்ணை அவர்களுக்கு இடம் கொடுத்தது. அங்கே தொடங்கியதுதான் இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கும் ‘வூஃப்’ இயக்கம். நாளுக்கு நாலைந்து மணி நேரம் உழைப்பு. அதற்குச் சாப்பாடும் தங்க இடமும். பணம் கைமாறுவதில்லை. இளைஞர்கள் ஒரு பண்ணையில் சில வாரம் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதும் உழைப்பும் அங்கே ஒன்றாகவே நடக்கின்றன.

நம் ஊர் வயலிலும் கோடையில் வேலை உண்டு. கோடை உழவைப் பற்றி, சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள் பெரியவர்கள். இருநூறு லிட்டர் தண்ணீரில் பத்து கிலோ நாட்டு மாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி சேர்த்துக் கலக்கி, இரண்டு நாள் நிழலில் வைத்தால் ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் என்னும் இயற்கை உரக் கரைசல் தயார். காலையும் மாலையும் கலக்கிவிட ஆள் வேண்டும். மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்குச் சருகு அள்ள வேண்டும். கோடை மழை பெய்ததும் எள்ளு, உளுந்து, கம்பு, தக்கைப்பூண்டு, சணப்பு எல்லாம் கலந்து பலதானியம் விதைக்க வேண்டும். பூக்கிற பருவத்தில் அதை அப்படியே மடக்கி உழுதுவிடுவார்கள். அந்த விதைப்பில் யாரும் ஒரு மணிகூட அறுப்பதில்லை, மண்ணுக்கே கொடுத்துவிடுகிறார்கள். விதைத்த பிள்ளை அதற்குள் கல்லூரிக்குத் திரும்பியிருப்பான். பின்னால் நடும் சம்பா தை மாதம் களத்துக்கு வரும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். பலனைப் பார்க்காமல் ஒரு வேலையை முழு மனதோடு செய்துவிட்டுப் போக அவன் பழகிவிட்டால், அதைவிடப் பெரிய பாடம் எந்தப் பயிற்சி மையத்தில் கிடைக்கும்?

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். அக்காலத்தில் யூதர் சமாரியரோடு புழங்கியதில்லை. இயேசுவோ அந்தப் பெண்ணின் கையால் தண்ணீர் கேட்டார். ஊரார் அழைத்தபோது இரண்டு நாள் அவர்களோடு தங்கினார். பிள்ளையை அனுப்பும் முன் ‘அவங்க எந்த ஆளுங்க?’ என்று விசாரிக்காதீர்கள். யார் வீட்டுத் திண்ணையில் கஞ்சி கொடுக்கிறார்களோ, அங்கே உட்கார்ந்து அவன் குடிக்கட்டும். நற்கருணை வாங்கும் நம் கைகள் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளக் கூடாது.

வயலுக்கும் பயணத்துக்கும் புனிதர்களிடமே முன்மாதிரி உண்டு. புனித இசிதோர் மாட்ரிட் நகரைச் சுற்றிய வயல்களில் கூலிக்கு உழுதவர். நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த புனித சவேரியார் கடல் கடந்து ஜப்பான்வரை பயணம் செய்தவர். வயலோடு கிடந்தவரையும் ஓயாமல் பயணித்தவரையும் திருச்சபை 1622 மார்ச் 12 அன்று, ஒரே நாளில், புனிதர்களாக அறிவித்தது. இசிதோரின் திருநாள் மே 15, நம் கோடை விடுமுறையின் நடுவில் வருகிறது.

நிலம் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தொண்டுக்கு வரும் பிள்ளையைக் காட்டி, கூலிக்கு வரும் அக்காவை நிறுத்திவிடாதீர்கள். அறுவடையாளரின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று புதிய ஏற்பாட்டு யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஆள் செலவை மிச்சம் பிடிக்க அவர்களைப் பயன்படுத்துவது பாவம்.

பெற்றோரே, பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம். இருவர் இருவராகப் போகட்டும். முதலில் நீங்களே போய் அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். திருப்பலி முடிந்ததும், போக விரும்பும் இளைஞர்களும் அவர்களுக்கு இடம் தர மனமுள்ள விவசாயிகளும் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். குருத்து ஞாயிறுக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுவோம்.