கேட்கும் இடத்தில் நிற்கும் அரசு

போர்க்காலச் சுவரொட்டிகளை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் பொய்யிலிருந்தே தொடங்குவர். பகைவனைக் கொடுவிலங்காக வரைந்ததையும், தோல்வியை மறைத்ததையும் எடுத்துக்காட்டுவர். அந்த ஆய்வு தேவையானதே. ஆயினும் அதற்கு முன் நிதானமாகக் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. சட்டமும் காவலும் சிறையும் தன் கையிலிருக்க, ஓர் அரசு சுவரில் தாள் ஒட்டிக் குடிமக்களிடம் பேச வேண்டிய நிலை ஏன் வருகிறது?

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் கட்டாயப் படைச்சேவை நடைமுறையில் இருந்தது. பிரிட்டனில் அப்படியொரு சட்டம் இல்லை. போர் விரைவில் முடியும் என்று பலர் நம்பியிருக்க, போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவோ அது ஆண்டுக்கணக்கில் நீளும் என்று கணித்தார். அதற்கு லட்சக்கணக்கான ஆட்கள் வேண்டும். ஆணையிட வழியில்லாததால் கேட்டுத்தான் பெற வேண்டும். கட்சி வேறுபாடின்றி நாடாளுமன்ற ஆள்சேர்ப்புக் குழு அமைந்ததும், தொடர்வண்டி நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் சுவரொட்டிகள் பெருகியதும் இதனால்தான். சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் சுவரொட்டிக்கு வேலை இருக்கிறது.

அப்படியானால் அதன் குரல் எத்தகையது? தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களுக்கு வரையறை கூறுகிறார். தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். நாம் ஊன்றி நோக்க வேண்டியது, இம்மூன்றையுமே அவர் இரத்தற் சொற்கள் என்று வகுப்பதை. உயர்ந்தோன் ‘கொடு’ என்று மிடுக்காகச் சொன்னாலும் அவனும் இரப்பவனே. ஆல்ஃபிரட் லீட் வரைந்த கிச்சனர் படம் 1914 செப்டம்பர் 5 அன்று ‘லண்டன் ஒப்பீனியன்’ இதழின் அட்டையில் வெளிவந்தது. அடர்ந்த மீசை, நேர்கொண்ட பார்வை, காண்பவன் நெஞ்சை நோக்கி நீண்ட விரல். தோற்றத்தில் அது கட்டளை. பொருளில் அது இரப்பு. நாட்டுக்கு நீ தேவை என்பதே அதன் செய்தி. தேவை என்று வாய்விட்டுச் சொல்பவனிடம் இல்லாமை இருக்கிறது.

அந்தச் செப்டம்பரில் மட்டும் ஏறத்தாழ 4,60,000 பேர் படையில் சேர்ந்தனர். பின்னர் வரவு குறைந்தது. 1915இல் சுவரொட்டியின் குரலும் மாறியது. அரசு தான் பேசுவதைக் குறைத்து, வீட்டாரைப் பேச வைத்தது. ஈ. வி. கீலி வரைந்த ஒன்றில், அணிவகுத்துச் செல்லும் வீரர்களைப் பெண்கள் வீட்டிலிருந்து பார்த்து நிற்கிறார்கள். போய் வா என்று பிரிட்டனின் பெண்கள் சொல்வதாக வாசகம்.

இவ்வரிசையில் மிகக் கூர்மையானது சாவில் லம்லி வரைந்தது. அதைச் சற்று நின்று பார்க்கலாம். நாற்காலியில் ஒரு தந்தை. மடியில் புத்தகம் விரித்த மகள், காலடியில் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடும் மகன். பெரும்போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா என்று மகள் கேட்கிறாள். தந்தை விடை சொல்லவில்லை. படத்துக்கு வெளியே நம்மைப் பார்க்கிறார். 1915இல் வெளியான இப்படம் போர் முடிந்துவிட்ட ஒரு காலத்தைக் காட்டுகிறது. வெற்றியை வாதிட்டு நிறுவாமல், உறுதியானதாகவே எடுத்துக்கொள்கிறது. அச்சத்தைத் தூண்டவில்லை, இன்னும் நேராத ஒரு வெட்கத்தை முன்கூட்டியே கடனாகத் தருகிறது. இதன் உள்ளடுக்கில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. படத்திலுள்ள மனிதர் உயிரோடு இருக்கிறார். போருக்குப் போய் மீளாதவரிடம் கேட்க எந்த மகளுக்கும் வாய்ப்பில்லை. படத்தில் சிப்பாய்களாக இருப்பவை பொம்மைகள் மட்டுமே. பொய்யான சொல் ஒன்றுகூட இல்லாமல் மரணத்தை முற்றாக மறைத்த இந்தத் திறமையை, பகைவனைக் கொடுவிலங்காக்கிய படங்களைவிட நான் கடுமையாகவே மதிப்பிடுவேன்.

1916 ஜனவரியில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தது. முதலில் மணமாகாத ஆண்களுக்கும், சில மாதங்களில் மணமானவர்களுக்கும் அது பொருந்தியது. விரல் நீட்டிய படங்களுக்கு அதன்பின் பெரிய வேலை இல்லை. சுவர் வேறு இல்லாமைகளைப் பேசத் தொடங்கியது: போர்க்கடனுக்குப் பணம், நீர்மூழ்கிகளால் கப்பல்கள் மூழ்கியபோது ரொட்டியில் சிக்கனம்.

பேரரசின் இந்தியக் குடிகளிடம் குரல் வேறாக இருந்தது. உருது மொழியில் அச்சான ஒரு சுவரொட்டி பணம், சீருடை, துப்பாக்கி ஆகியவற்றைக் காட்டி, இவற்றைப் பெறப்போவது யார் என்று கேட்கிறது; உடனே படையில் சேர்பவனே என்று தானே விடையும் சொல்கிறது. லண்டன் தந்தைக்கு மானம், இங்குள்ள உழவனுக்குக் கூலி. பின்னதில் ஏளனம் இருக்கலாம், ஆனால் நேர்மை கூடுதல்.

சட்டம் எட்டாத இடத்தில்தான் சுவரொட்டிக்கு வேலை என்ற கூற்றுக்கு இங்கே ஒரு தடை எழும். அமெரிக்கா 1917 மே மாதமே கட்டாயச் சேவைச் சட்டம் இயற்றியது. இருந்தும் ஜேம்ஸ் மான்ட்கோமெரி ஃபிளாக் வரைந்த ‘அங்கிள் சாம்’ சுவரொட்டி நாற்பது லட்சம் படிகளுக்கு மேல் அச்சானதே? தடை நியாயமானது. சட்டம் ஆளைக் கொண்டுவரும், மனத்தைக் கொண்டுவராது என்பது விடையின் ஒரு பகுதி. தொண்டர்களும் அங்கே தொடர்ந்து தேவைப்பட்டார்கள் என்பது மற்றொரு பகுதி. போரில் சேர்வதா என்று நாடே பிளவுபட்டிருந்த வேளையில், அரசுக்கு ஆட்களைவிட இசைவே பற்றாக்குறையாக இருந்தது.

இசைவைப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை 1939 காட்டிற்று. பிரிட்டன் போர் அறிவித்த நாளிலேயே கட்டாயச் சேவைச் சட்டமும் நிறைவேறியது. தகவல் அமைச்சகம் ஒட்டிய சுவரொட்டி ஒன்று, உங்கள் துணிவும் மலர்ச்சியும் உறுதியும் எங்களுக்கு வெற்றி தரும் என்ற தொனியில் பேசியது. துன்பம் உங்களுக்கு, வெற்றி ஆள்வோருக்கா என்று விமர்சனம் கிளம்பியது. அமைதி காத்துத் தொடருங்கள் என்று சொல்லும், இன்று கோப்பைகளிலெல்லாம் காணும் வாசகம் அதே வரிசையில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் அச்சானது. அது பொதுவில் அரிதாகவே ஒட்டப்பட்டது, பெரும்பகுதி கூழாக்கப்பட்டது. இரண்டிலும் குறிப்பிட்டுச் செய்ய வேண்டிய வேலை எதுவும் சொல்லப்படவில்லை.

அதே போரில் வேறொரு இயக்கம், வெற்றிக்காக நிலத்தைக் கொத்துங்கள் என்றது. மண்வெட்டியை அழுத்தும் ஒரு கால், அவ்வளவுதான் அதன் புகழ்பெற்ற படம். அங்கே இல்லாமை காய்கறி, கேட்டதும் அதைத்தான். போர் தொடங்கியபோது எட்டு லட்சம் அளவிலிருந்த குத்தகைத் தோட்டங்கள் 1943இல் ஏறத்தாழ 14 லட்சமாயின.