வளர்த்தவளின் கூற்று

இந்நாளில் விரும்பிப் படிக்கப்பெறும் குடும்ப நாவல்களில் ஒரு கதைக்கோலம் அடிக்கடி தலைகாட்டுகிறது. தாயற்ற குழந்தை ஒன்று. அதனைத் தன் குழந்தையாக ஏற்கும் பெண்ணொருத்தி. ஒருமுறை வாழ்வில் தோற்ற இருவர் அக்குழந்தையின் பொருட்டு மீண்டும் அன்பு கொள்ளுதல். நெஞ்சை நெகிழ்விக்கும் இக்கதைகளை மேனாட்டார் நமக்களித்த புதுச் சரக்கென்று கருதுவாரும் உளர். சித்தூர்ச் சீமையிற் பிறந்தவர்கள் அவ்வாறு கருத வேண்டுவதில்லை. திருவேங்கட மலையின் அடிவாரத்தில் வழிவழியாக வழங்கிவரும் தலபுராணம் அத்தகைய கதையே அன்றோ!

அதனைப் பக்திக் கண்ணை மூடாமலே, சற்று மனிதக் கண்ணும் கொண்டு நோக்குவோம். திருமகளைப் பிரிந்து மலைக்கு வந்த சீனிவாசன் ஒரு புற்றினுள் ஒடுங்கிக் கிடக்கிறான். ஆயன் ஒருவனின் கோடரி பட்டுத் தலையில் காயமுறுகிறான். அவனைத் தன் குடிலில் ஏற்று, மருந்திட்டு, உணவிட்டு, மகனே என்று அழைத்தவள் வகுளமாலிகை. மறுபுறம், நாராயணவனத்தில் ஆண்ட ஆகாசராசன் மகப்பேறின்றி வேள்விக்கு நிலம் உழுதபோது, தாமரையில் கண்டெடுத்த குழந்தை பத்மாவதி. ஆக, மணமகனும் வளர்ப்பு மகன். மணமகளும் வளர்ப்பு மகள். உலகறிந்த அத்திருக்கல்யாணத்தில் சம்பந்திகள் இரு பக்கத்தாரும் பெறாத பெற்றோர்!

இவ்வளவோடு கதை நிற்கவில்லை. வகுளை முற்பிறவியில் யசோதை என்கிறது புராணம். கண்ணனை வளர்த்தவள்; ஆனால் அவனுடைய திருமணம் ஒன்றனையும் காணும் பேறு பெறாதவள். அக்குறையைத் தீர்க்கவே இப்பிறவி. பத்மாவதியோ, சீதைக்காகத் துன்பம் ஏற்ற வேதவதி. ஒருத்தியன்றி வேறொருத்தியை மணப்பதில்லை என்ற இராமனின் உறுதியால் அன்று காத்திருக்க நேர்ந்தவள். இழந்த தாய்மைக்கும் இழந்த காதலுக்கும் ஒரே பந்தலில் இரண்டாம் வாய்ப்பை வைத்த அந்தப் புராணக்காரனின் உள்ளம் பெரிது.

இனி வினாவுக்கு வருவோம். குழந்தை யாருக்கு உரியது? பெற்றவர்க்கா, வளர்த்தவர்க்கா? நம் அகப்பாடல் மரபு இதனைச் சட்டக் கண்கொண்டு நோக்கவில்லை. நற்றாய், செவிலி என இருவரையும் ஒரே இல்லத்தில் வைத்து, இருவர்க்கும் கூற்று அளித்தது. கூற்று என்பது பேசும் உரிமை. தலைவி தலைவனோடு உடன்போக்கில் சென்றபின், நற்றாய் மனையிலிருந்து புலம்புவாள். செவிலியோ சுரத்தினுட் சென்று, எதிர்வருவாரையெல்லாம் வினவித் தேடுவாள். மணம் முடிந்தபின் மகளின் மனைக்குச் சென்று, அவள் இல்லறம் நடத்தும் பாங்கைக் கண்டு வந்து நற்றாய்க்குச் சொல்பவளும் அவளே. அழும் உரிமை பெற்றவளுக்கும் நடக்கும் உரிமை வளர்த்தவளுக்கும் என்று புலவர்கள் பகுத்தார்கள் போலும். வகுளையும் நடந்தவளே. மகனுக்குப் பெண் கேட்டு மலையிறங்கி நாராயணவனத்துக்குத் தூது சென்றவள் அவள். தமிழ்ச் செவிலி பாலையிற் கடந்த வழியை நாம் இங்கு நினைவுகூர்கிறோம்.

கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில், தேடிவரும் செவிலி துறவியரைச் சந்திக்கிறாள். அவர்கள் கூறும் மறுமொழியின் சாரம் கடுமையானது: மலையிற் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, கடலிற் பிறந்த முத்துக் கடலுக்குப் பயன்படுவதில்லை, யாழிற் பிறந்த இசை யாழுக்குப் பயன்படுவதில்லை, நும் மகளும் அத்தகையளே. பிறந்த இடம் உரிமையாகாது என்பது இதன் கருத்து. ஆயின் இதனைச் செவிலியிடம் சொல்ல நேர்ந்ததே, அது நம்மை உறுத்துகிறது. அவளிடத்தில் பிறப்பும் இல்லை. இருந்தது வளர்ப்பு ஒன்றே. அதுவும் அவளுக்கு உரிமையாகாது என்று அறிஞர் கூறினால், அவளுக்கென எஞ்சுவது யாது?

நாவலாசிரியர் பலர் இவ்விடத்தில் எளிய வழியைப் பற்றிக்கொள்கிறார்கள். பெற்றவளைக் கதையின் தொடக்கத்திலேயே இறக்கச் செய்கிறார்கள், அன்றேல் கொடியவளாக்குகிறார்கள். போட்டி நீங்கிவிடுகிறது, வளர்த்தவளுக்கு வெற்றி கிட்டிவிடுகிறது. நம் ஆழ்வார்கள் இவ்வாறு தப்பவில்லை. பெரியாழ்வார், தாமே துளசி வனத்திற் கோதையைக் கண்டெடுத்து வளர்த்தவர், யசோதையாக நின்று பிள்ளைமை பாடினார். குலசேகராழ்வாரோ தேவகியாக நின்று, மகனின் தவழ்நடையும் மழலையும் காணாத தாயின் துயரைப் பாடினார். திருமலைக் கருவறையின் முன்னுள்ள படிக்கு அவர் பெயரே வழங்குகிறது. பெற்றவளின் இழப்பைப் பாடியவர் படியாகக் கிடக்க, அதே கோயிலில், போட்டு என வழங்கும் மடைப்பள்ளியில் வளர்த்தவளாகிய வகுளையின் திருவுருவம் வீற்றிருக்கிறது. மகனுக்கு ஆகும் அமுதினை இன்றும் அவளே மேற்பார்க்கிறாள் என்பது ஐதிகம்.

இது நமக்கு வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. ஊர்விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்கள் நாம். கைக்குழந்தையைச் சித்தூரிலோ புத்தூரிலோ பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் விட்டு வந்தவர் நம்முள் பலர். ஐந்தாறு வயதானதும் பள்ளியை முன்னிட்டுக் குழந்தையை அழைத்துக்கொள்கிறோம். விமான நிலையத்தில் அக்குழந்தை எவருடைய முந்தானையை விடாது பற்றி நின்றது என்பதை அறிவோம். பிறகு, "மாதந்தோறும் பணம் அனுப்பினோமே" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

பணம் என்றதும் தலபுராணத்தின் மற்றொரு பகுதி நினைவுக்கு வருகிறது. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் பெருமாள் கடன் வாங்கினார். பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்கான வட்டியே உண்டியலில் விழுகிறது என்பர். வகுளையிடம் பட்டதற்குப் பத்திரம் இல்லை, வட்டி இல்லை, தவணையும் இல்லை. கடன் அடைந்துவிட்டால் கொடுத்தவனும் வாங்கியவனும் அயலாராகிவிடலாம். வளர்ப்பு அவ்வகையினது அன்று. ஆகவே அதனைக் கடனென்று சொல்வதே பிழை எனத் தோன்றுகிறது. யசோதை கேட்டது கைம்மாறும் அன்று, உரிமைப் பட்டயமும் அன்று. மகனுடைய மணத்தைக் காண வேண்டும் என்பதே. வளர்த்தவளுக்கு எஞ்சுவது யாது என்று மேலே கேட்டோம். அவள் அங்கே இருக்க வேண்டும், கூற்று நிகழ்த்த வேண்டும், இதுவே அவளுக்குரியது.

இன்றைய சட்டமும் இவ்வினாவைத் தன் வழியில் எதிர்கொண்டு வருகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் குழந்தையை ஒரு குடும்பத்தினின்று மற்றொன்றுக்கு முற்றாக மாற்றியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தத்தெடுப்போடு, சிறிது காலம் ஏற்று வளர்க்கும் முறைக்கும் இடந்தந்தது. 2024இல் வெளிவந்த வழிகாட்டு நெறிகள், மணமாகாதவரும் துணையை இழந்தவரும் குழந்தையை ஏற்று வளர்க்கலாம் என்றும், இரண்டாண்டு வளர்த்தபின் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்றும் இசைந்தன. பிரிவுக்கு முன்கூட்டியே ஒப்பிக் குழந்தையை மடியில் ஏந்துவது எளிய செயலா? சட்டம் அதற்குப் படிவம் தரலாம். நெஞ்சை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும்.

திருப்பதிக்கு அண்மையில், பேரூருக் குன்றின்மேல் வகுளைக்குத் தனிக்கோயில் ஒன்று உண்டு. நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. சுற்றிலும் கல்லுடைப்பார் குன்றையே அரித்துவந்தனர். தேவஸ்தானத்தார் அதனைப் புதுப்பிக்க, 2022 சூனில் குடமுழுக்கு நிகழ்ந்தது. மலையப்பனைக் காணச் செல்லும் நம் குடும்பங்களிற் பெரும்பாலோர் அக்குன்றின் பக்கம் திரும்புவதில்லை. அடுத்த முறை செல்வோர், ஊரில் இன்னும் இருக்கும் அந்தப் பாட்டியையோ பெரியம்மாவையோ உடன் அழைத்துக்கொண்டு படியேறலாம். பிள்ளையின் மண அழைப்பிதழை அச்சிடக் கொடுக்கும் வேளையில், அவள் பெயரை எவ்வரியில் இடுவது என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.