மாதர் வலியும் நமது மௌனமும்

சபைகளில் பேசத் தகாதவை என்று நாம் ஒதுக்கி வைத்துள்ள விஷயங்கள் சில உள. நம் வீட்டுப் பெண்மக்கள் மாதந்தோறும் படும் வயிற்று வலி அவற்றுள் ஒன்று. நாம் பேசாமல் விட்டதனால் அவ்வலி குறைந்துவிடவில்லை. பெண்கள் அதைத் தனியே தாங்குகிறார்கள். ஆண்கள் அறியாதவர் போல் இருந்துவிடுகிறோம்.

இப்போது நம்மவரிடையே ஒரு கேள்வி எழுகின்றது. மணமாகாத பெண்பிள்ளை ஹைளு நாட்களில் வலி பொறுக்க மாட்டாமல் சுருண்டு படுக்கிறாள், வாந்தி எடுக்கிறாள், பள்ளிக்கூடம் போக முடியவில்லை. டாக்டரிடம் காட்டினால், அவர் சொல்லும் மருந்துகளுள் கருத்தடை மாத்திரையும் ஒன்றாக இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் திடுக்கிடுகின்றனர். இம்மாத்திரையை நம்பாமல் இவ்வலியைத் தீர்க்க வழி இல்லையா என்கின்றனர். நியாயமான கேள்விதான், அதற்கு விடையும் உண்டு. ஆனால் அக்கேள்விக்குப் பின்னே வேறொரு கேள்வி நிற்கிறது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்ட நாம், அதற்குப் பதிலாக அப்பிள்ளைக்கு என்ன கொடுத்தோம்?

பெரும்பாலும் நாம் கொடுப்பது இரண்டு வாக்கியங்கள். "பொறுத்துக்கொள்" என்பது ஒன்று. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்பது மற்றொன்று. இவை மருந்தாகுமா? மார்க்கம் இவ்வளவோடு நிற்கச் சொல்கிறதா? இதனைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

சபூர் செய்வது முஃமினின் அழகு என்பதில் ஐயமில்லை. ஆயினும் சபூர் என்பது மருந்தை மறுப்பதன்று. பொறுமைக்கு உதாரணம் சொல்லும் போதெல்லாம் நாம் நபி ஐயூப் (அலை) அவர்களைச் சொல்கிறோம். அன்னார் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். காலால் பூமியை உதைக்கும்படி இறைவன் கட்டளையிட்டான். குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைத்தது. ஆகப் பொறுமையின் சரித்திரமே நிவாரணத்தில் போய்த்தான் முடிகிறது.

பெண்ணின் வயிற்று வலியையே திருக்குர்ஆன் நேராகச் சொல்லும் இடமும் உண்டு. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனை தாளாமல் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கி, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று புலம்பினார்கள். அப்புலம்பலுக்காக அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், அருகிலேயே நீரோடையும், கனிந்த பேரீச்சம் பழமும் கிடைத்தன. வலியால் அழும் பெண்ணுக்கு முதலில் ஆறுதல், அடுத்து உடலுக்கு வேண்டியது. இதுவன்றோ நமக்குக் காட்டப்பட்ட முறை!

ஹயா என்னும் வெட்கத்தைக் காரணம் காட்டுவோரும் உளர். வெட்கம் ஈமானின் ஒரு பகுதியே. ஆனால் அன்சாரிப் பெண்மக்கள் மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். இரத்தப் போக்கு நிற்காமல் தொடர்ந்தபோது ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அது ஹைளு அன்று, வேறு நாளத்திலிருந்து வருவது என்று நாயகம் அவர்கள் விளக்கினார்கள். இயல்பான போக்கு வேறு, நோயால் வரும் போக்கு வேறு என்று பிரித்து அறிய வேண்டும் என்பது நமக்கு அன்றே கற்பிக்கப்பட்ட பாடம்.

ஹஜ்ஜுப் பயணத்தில் ஸரிஃப் என்னுமிடத்தில் ஹைளு கண்டு ஆயிஷா (ரலி) அவர்கள் அழுதார்கள். நாயகம் அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது இது என்று சொல்லித் தேற்றி, தவாஃப் தவிர மற்ற அமல்களைச் செய்யச் சொன்னார்கள். இந்த ஹதீஸைக் கேட்டுவிட்டு, "விதித்ததுதானே, வலியையும் அனுபவிக்கட்டும்" என்பார் உண்டு. விதிக்கப்பட்டது ஹைளு. அதனோடு வரும் வேதனைக்கு மருந்து தேடலாகாது என்று எங்கே விதிக்கப்பட்டது? பசியும் படைத்தவன் வைத்ததே. அதற்காக எவரும் அடுப்பு மூட்டாமல் இருப்பதில்லை.

நம் இமாம்கள் ஹைளின் நாட்களைக் கணக்கிட்டு வைத்தார்கள். ஷாஃபியீ மத்ஹபில் அதிக அளவு 15 நாள். ஹனஃபீ மத்ஹபில் 10 நாள். மதரஸாவில் இதை நாம் மனப்பாடம் செய்தோம். நாளை எண்ணத் தெரிந்த நாம், வலியை எண்ணத் தெரியாதவர்களாக இருக்கலாமா? வலி தராசில் நிறுக்கக் கூடிய சரக்கன்று. சொல்லுகிறவளின் சொல்லே அதற்கு எடை. மகளின் சொல்லை நம்புவதே முதல் சிகிச்சை.

நம்பாததால் வரும் கேடு ஒன்றைச் சொல்லுகிறேன். ரமலானில் ஹைளுள்ள பெண்ணுக்கு நோன்பு இல்லை. பிறகு களாச் செய்ய வேண்டும். இது எல்லோரும் அறிந்த சட்டம். அறிந்தும் பல வீடுகளில் அப்பெண் வாப்பாவும் அண்ணன் தம்பியும் காணாதபடி ஒளிந்தே சாப்பிடுகிறாள், அல்லது சாப்பிடாமலே கிடக்கிறாள். வலி வந்தால் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்குகிறாள். அம்மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கக் கூடியது. அல்லாஹ் அளித்த சலுகையை நம் வெட்கம் பறித்துவிட்டது. கடையிலும் இதே கதைதான். சானிட்டரி பேட் வாங்கும் பெண், அதைப் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்ட பின்னரே கையில் வாங்குகிறாள். அரிசியையும் சீனியையும் போல அதுவும் தேவைப்பொருள்தான் என்பதை விற்கிற நாமும் உணர்த்துவதில்லை.

இனி, வலியின் காரணம் யாது என்று பார்ப்போம். கருப்பையின் உட்படலம் கழியும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுகச் செய்கிறது, இறுகும்போது அத்தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, வலி உண்டாகிறது. அதே பொருளால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட வருவதுண்டு. எனவே இது மனப்பிரமையுமன்று, செல்லம் கொஞ்சலுமன்று. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அப்பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று 1971இல் கண்டறிந்தவர் ஜான் வேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

இதிலிருந்து கருத்தடை மாத்திரை இல்லாத முதல் வழி கிடைக்கிறது. இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் ஆகியவை இவ்வினத்து மருந்துகள். இரண்டாவதை நம் நாட்டில் பொன்ஸ்டான் என்ற பெயரால் பலர் அறிவர். வலி முற்றிய பிறகு விழுங்குவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் பலன் அதிகம். இரண்டு மூன்று நாட்களுக்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று எண்ணுகிறவர்களும் டாக்டரையோ பார்மசிக்காரரையோ கேளாமல் எடுக்கலாகாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டிங்கியோ என்று ஐயப்பட வேண்டும். டிங்கியில் இம்மருந்துகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். பாரசிட்டமால் மட்டுமே தகும்.

இரண்டாவது வழி சூடு. சுடுநீர்ப் பையை அடிவயிற்றில் வைப்பது நம் பெரியவர்கள் கண்ட ஒத்தடமே. மலாய்ப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பின் சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கிறார்கள், துங்கு என்பர். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 39 டிகிரி சூடுள்ள ஒட்டுப் பட்டை மாதவிடாய் வலிக்கு இபுபுரூஃபனுக்கு நிகரான பலன் தந்தது. தோல் வெந்துபோகாமல் பார்த்துக்கொள்வது போதும்.

மூன்றாவது, மாதம் முழுவதும் வாரத்தில் மூன்று நாளேனும் வேகமாக நடப்பது அல்லது உடற்பயிற்சி செய்வது. நான்காவது இஞ்சி. சில ஆய்வுகளில் வலியைக் குறைப்பதாகத் தெரிகிறது. சுக்குக் கஷாயம் வீட்டில் இருப்பதுதானே! ஆனால் மலாய்க்காரர் செங்குகுட் என்று சொல்லும் இவ்வலிக்கு, பெயர் தெரியாத ஜாமுப் பொட்டலங்களைச் சந்தையில் வாங்கிக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகளைச் சுகாதார அமைச்சு பிடித்ததுண்டு. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அதைப் பார்த்தே வாங்குக.

மாத்திரையைப் பற்றியும் நீதியோடு சொல்ல வேண்டும். 1957இல் அமெரிக்க அரசு அதற்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தபோது, மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாகவே கொடுத்தது. கருத்தடைக்கு அனுமதி வந்தது 1960இல்தான். ஆகவே ஒரு பிள்ளைக்கு டாக்டர் அதை எழுதினால், அவள் ஒழுக்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும்போது ஹைளைத் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்குகிறோம். தீங்கில்லையாயின் கூடும் என்று ஆலிம்கள் பலர் சொல்லியுள்ளனர். தவாஃபுக்காகக் கூடுமென்றால், வேதனைக்காக மட்டும் எப்படி வெட்கக்கேடாகும்? அதே சமயம் அதை விரும்பாதிருக்கவும் காரணங்கள் உண்டு. இரத்த உறைவு, உயர்ந்த இரத்த அழுத்தம், சிலவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவளுக்கும் உதவாது. தலைவலி, குமட்டல் கண்டு நிறுத்துவோரும் உளர். விரும்பாதவள் விடட்டும். ஆனால் மாத்திரைக்குப் பயந்து டாக்டரையே விட்டுவிடுவதுதான் ஆபத்து.

ஏனெனில் சில வலிகள் மேற்சொன்ன எதற்கும் அடங்கா. ஆண்டுக்காண்டு வலி கூடினாலும், ஹைளு இல்லாத நாளிலும் தொடர்ந்தாலும், மலம் கழிக்கும்போதோ கணவனோடு சேரும்போதோ வலித்தாலும், இரத்தம் மிகுதியாகப் போனாலும், அது எண்டோமெட்ரியோசிஸ் அல்லது கருப்பைக் கட்டியாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டென்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இது பிள்ளைப்பேற்றையும் தடுக்கக் கூடியது. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று அனுப்பி வைத்த பெண், பிள்ளையில்லை என்ற பழியையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம். அங்கிருந்து கடிதம் பெற்றுச் செரம்பான் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனையின் பெண்நோய்ப் பிரிவில் காட்டலாம்.

வீட்டோடு முடியும் விஷயமுமன்று இது. பகாவிலும் லிங்கியிலும் ரந்தாவிலும் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெண்கள் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். வலியென்று நின்றுவிட்டால் அன்றைய கூலி இல்லை. மரத்தடியில் ஒதுங்கவும் இடமில்லாமல் மங்குகளைத் தூக்கி நடந்தார்கள். இன்று அவர்கள் பேத்திகள் பஸ் ஏறிச் செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்கிறார்கள். இடம் மாறியது, வலி மாறவில்லை.

வலியைவிடக் கூலி பெரிதானால் என்ன நடக்கும் என்பதற்குத் தாய்நாட்டில் இரண்டு சாட்சிகள் உள்ளன. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில், வலியென்று சொன்ன பெண்களுக்கு மேற்பார்வையாளர்கள் பெயரெழுதாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையில் நிறுத்தியதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்டது. சுமார் நூறு பெண்களிடம் கேட்டறிந்த செய்தி அது. அதே ஆண்டு, மராட்டியத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், கூலி இழக்காதிருக்க இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்து, அரசு விசாரணைக் குழு அமைத்தது. மருந்து நல்லதா கெட்டதா என்பது மட்டும் கேள்வியன்று; யாருடைய நலத்துக்காகக் கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. ஜப்பான் 1947இலும், பீகார் அரசு தன் பெண் ஊழியருக்கு 1992இலும் இதற்கென விடுப்புத் தந்தன. இந்தோனேசியச் சட்டமும் முதலிரு நாள் வலியால் வேலை செய்ய இயலாதவளுக்கு விலக்கு அளிக்கிறது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, டாக்டர் சான்றிதழுடன் ஆண்டுக்கு 14 நாள் முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. கடையில் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் நம்மவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சகோதரர்களே! நோயையும் மருந்தையும் ஒருங்கே இறக்கிய நாயனை நம்பும் சமுதாயம் நாம். மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருக்கலாம். அதைச் சொன்ன வாய், அடுத்த கணமே "வா, டாக்டரிடம் போவோம், சுடுநீர்ப் பை இதோ, இன்று அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் சொல்ல வேண்டும். சொல்லாத வரை, அந்த மறுப்பு மார்க்கப் பற்றாகாது. பிறர் வலியைத் தன் வலியாக எண்ணாமையே ஆகும். பெண்கள் மதரஸாவில் ஹைளுடைய சட்டங்களை ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுமார், இந்நிவாரண வழிகளையும் ஒரு பாடமாகச் சேர்த்துச் சொன்னால் நம் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

நம் தாய்மார், மனைவிமார், பெண்மக்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்கள் சொல்லை நம்பும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.