சாவியும் அமானத்தே



நம் மலேசியாவில் 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். எஸ்.பி.எம். பரீட்சை முடிந்ததும் மகன் சாவி கேட்கிறான். கல்லாச் சாவியை ஒருவனிடம் ஒப்படைக்குமுன் எத்தனை மாதம் அவனைக் கவனிக்கிறோம்! கார்ச் சாவியிலோ அவன் உயிரும் பிறர் உயிரும் அடங்கியுள்ளன. சட்டமும் முதல் 2 ஆண்டுகள் 'பி' அடையாளத்துடன்தான் ஓட்டச் சொல்கிறது.

திருக்குர்ஆனின் 31-வது அத்தியாயத்தில் ஹஜ்ரத் லுக்மான் தம் மகனை அன்போடு அழைத்து, நடையில் கர்வம் தவிர்த்து நிதானம் பேணச் சொல்கிறார். காலுக்குச் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும்.

அஞ்சித் தடுப்பதும், கேட்டவுடன் கொடுப்பதும் வளர்ப்பாகா. சில மாதம் அருகில் அமர்ந்து பழக்குவோம். ஜும்ஆவுக்கு நேரமானாலும் சிவப்பு விளக்கில் நாம் நிற்பதைப் பார்த்தே அவன் கற்பான். ஒட்டகத்தைக் கட்டியபின் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்). அவ்வாறே பழக்கியபின் துஆச் செய்து சாவியைக் கொடுப்போம்.