இன்மை கூறலும் ஆய்வறமும்: இணைய ஆய்வேட்டுக் களஞ்சியங்களை முன்வைத்து

தமிழில் எழுதப்பெறும் முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் 'ஆய்வு முன்னோடிகள்' என்றொரு பகுதி அமைவது வழக்கம். அப்பகுதி பெரும்பாலும் ஒரே வகைத் தொடரோடு முடிவதைக் காணலாம். 'இப்பொருள் குறித்து இதுவரை தனியாய்வு எதுவும் நிகழ்த்தப்பெறவில்லை' என்பதே அத்தொடர். தலைப்பு மாறினும், நெறியாளர் மாறினும், பல்கலைக்கழகம் மாறினும் இத்தொடர் மாறுவதில்லை. ஆய்வேட்டில் இடம்பெறும் பிற கூற்றுகளுக்கெல்லாம் அடிக்குறிப்பு கேட்கும் தேர்வாளர்கள் இக்கூற்றுக்கு மட்டும் சான்று கேட்பதில்லை. இல்லாத ஒன்றுக்கு எவ்வாறு சான்று காட்டுவது என்று வினவலாம். வினா நியாயமானதே. எனினும் இத்தொடரை எழுதும் உரிமை ஆய்வாளர் ஒருவருக்கு எப்பொழுது கிடைக்கிறது என்பது எளிதில் கடந்துசெல்லத்தக்க செய்தியன்று. ஆய்வேடுகள் இணையத்தில் கிடைக்கத் தொடங்கிய பின்னர் இது முறையியல் வினாவாக மட்டுமன்றி அறவியல் வினாவாகவும் ஆகியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்மையை அறியும் அளவை

மணிமேகலையின் சமயக்கணக்கர்தந்திறங்கேட்ட காதையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. சிவஞானசித்தியார் அபாவம் உள்ளிட்ட ஆறு அளவைகளையும், அவற்றின் மேற்பட்டனவாகப் பிறர் கொள்வனவற்றையும் சுட்டி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்கிறது. வடமொழி மரபில் பாட்ட மீமாம்சகரும் அத்துவைதிகளும் இன்மையை அறிவதற்கு 'அனுபலப்தி' என்னும் தனி அளவையைக் கொண்டனர். நையாயிகர் அதனைக் காட்சியுள் அடக்கினர். அவ்வழக்கை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. இரு சாரார்க்கும் உடன்பாடான ஒரு நிபந்தனையே இங்கு நோக்கத்தக்கது. காணாமை மட்டும் இன்மையை நிறுவாது. பொருள் இருந்திருப்பின் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க நிலை முதலில் இருத்தல் வேண்டும். விளக்கெரியும் அறையில் குடத்தைக் காணாதவன் 'குடம் இல்லை' எனலாம். இருளறையில் நிற்பவன் 'நான் காணவில்லை' என்று மட்டுமே சொல்லலாம். இரண்டாமவன் முதலாமவனின் தொடரை எடுத்துக்கொள்வானாயின் அது அறிவுப்பிழை. அறை இருளில் கிடப்பதை அறிந்தே அவ்வாறு சொல்வானாயின் அது பொய்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடங்கேட்டவர்க்கும் அந்நூற் பயிற்சி இல்லை. ஆயின் அதே கும்பகோணத்தில் சமணர் இல்லங்களில் சிந்தாமணி தொடர்ந்து படிக்கப்பட்டு வந்தது. 1887இல் அவரது பதிப்பு வெளிவருமுன் அந்நூலைக் கற்றறியாதார் பலர் என்பது கற்றோர் கூட்டம் ஒன்றின் நிலையைக் காட்டிற்றேயன்றி, நூலின் நிலையைக் காட்டவில்லை.

தொலைவு என்னும் சமாதானம்

முற்கால ஆய்வாளர்க்கு இந்நிபந்தனை பெரிதும் தளர்வாகவே இருந்தது. கா.சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய தம் ஆய்வேட்டை 1970இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அளித்தார். அது நூலாக வெளிவந்தது 1981இல். இடைப்பட்ட பதினோராண்டுகளில் மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ ஒருவர் அதே பொருளை எடுத்து, முன்னாய்வு இல்லை என்று எழுதியிருப்பின் அவரைக் குறைகூற யாருக்கும் மனம் வாராது. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நூலகத்தின் தட்டச்சுப் படியை அவர் எவ்வாறு அறிவார்?

தொலைவு கடலால் மட்டும் உண்டாவதன்று. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் வ.அய்.சுப்பிரமணியம் அவர்களின் வழிகாட்டுதலில் சங்க நூல்களுக்கு மொழியியல் நோக்கிலான இலக்கணமும் சொல்லடைவும் அமைக்கும் பணி ஆய்வேடுகளின் வாயிலாகவே நடைபெற்றது. 1962இல் அச்சான அவரது புறநானூற்றுச் சொல்லடைவை அறிஞருலகம் நன்கறியும். அச்சேறாமல் தட்டச்சுப் படிகளாகவே நின்றவற்றை அறிந்தோர் சிலரே. தமிழ்நாட்டு ஆய்வாளர் பலர்க்குக் கேரளத்தில் தமிழாய்வு நிகழ்கிறது என்பதே இன்றும் புதிய செய்தியாக இருப்பதைக் கருத்தரங்குகளில் காண்கிறோம். திருவனந்தபுரம், சித்தூர், குப்பம், தில்லி என எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்த்துறைகளை ஆய்வு முன்னோடிகள் பகுதியில் காண்பது அரிதினும் அரிது.

2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக நல்கைக் குழு ஒழுங்குமுறை இச்சமாதானத்தைப் பெருமளவு நீக்கிவிட்டது. பட்டம் வழங்கப்பெற்ற ஆய்வேடுகளின் மின்படியைக் களஞ்சியத்தில் வைத்தல் அதனால் கடமையாயிற்று. 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் ஒழுங்குமுறைகளிலும் அக்கடமை தொடர்கிறது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் பேணும் அக்களஞ்சியத்துக்குச் 'சோத்கங்கா' என்று பெயர். ஆய்வுக் கங்கை என்று பொருள்படும். பதிவு நிலையிலுள்ள ஆய்வுகளின் சுருக்கங்களுக்கான களஞ்சியம், கங்கை தோன்றும் இடத்தின் பெயரால் 'சோத்கங்கோத்ரி' எனப்படுகிறது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவில் உள்ளன. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தமக்கெனத் தனிக் களஞ்சியங்களை அமைத்தன. காரியவட்டத்தில் அமர்ந்தபடி மதுரையிலும் தஞ்சையிலும் கோவையிலும் அளிக்கப்பெற்ற ஏடுகளை இயல் இயலாகத் திறந்து படிக்கலாம் என்னும் நிலையில், 'அறிய வழியில்லை' என்பது ஏற்கத்தக்க விடையாகாது.

விளக்கடி இருள்

அவ்வாறாயின் சோத்கங்காவில் தேடிக் கிடைக்காத ஒன்று இல்லை என்று துணியலாமா? தமிழைப் பொறுத்தவரை துணிதல் இயலாது. அதற்கான காரணங்கள் நுட்பச் செய்திகளாகத் தோன்றினும் அறவினாவின் உயிர்நிலை அவற்றிலேயே உள்ளது.

முதலாவது, எழுத்துருச் சிக்கல். ஒருங்குகுறி பரவலாவதற்கு முன் தமிழ் ஆய்வேடுகள் பற்பல எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்றன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு தாம், தாப் என்னும் குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. அவற்றோடு டிஸ்கியும், நிறுவனங்கள் தத்தமக்கென ஆக்கிக்கொண்ட குறியாக்கங்களும் வழங்கின. தமிழக அரசு ஒருங்குகுறியையும் டேஸ்-16 என்னும் குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். பழைய எழுத்துருவில் அமைந்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணிப்பொறிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவை. 'முல்லை' என்று தேடினால் முல்லைத்திணை பற்றிய முந்நூறு பக்க ஏடும் அகப்படாமல் போகும். இரண்டாவது, ஒளிவருடிய ஏடுகள். அச்சுப்படியைப் படமெடுத்து வைத்தால் அதிலுள்ள ஒரு சொல்லும் தேடலில் சிக்காது.

மூன்றாவதே பெரும் தடை. ஏட்டின் தலைப்பு விவரக் குறிப்பில் எவ்வாறு பதியப்படுகிறது என்பதற்கு ஒழுங்கில்லை. சில தமிழெழுத்தில் உள்ளன. சில ஆங்கில மொழிபெயர்ப்பாக உள்ளன. பல தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பெயர்த்தவை. 'ஆய்வு' என்னும் ஒரு சொல்லே 'ஏ' ஒன்றோடும் இரண்டோடும், நடுவில் 'ஒய்' இட்டும் 'ஐ' இட்டும் காணப்படுகிறது. 'சங்க இலக்கியம்' என்பதன் வடிவங்களை எண்ணிப் பார்ப்பது வீண்வேலை. ஆகவே சொல்லை மட்டும் நம்பாமல், பல்கலைக்கழகத்தின் பெயரைத் திறந்து, துறையைத் திறந்து, தமிழ்த்துறையின் முழுப் பட்டியலையும் வரிசையாகப் படிப்பதும், அப்பொருளில் ஈடுபாடுள்ள நெறியாளரின் பெயரால் தேடுவதுமே ஓரளவு நம்பத்தக்க வழிகளாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு அரைநாள் செல்லும். சலிப்பூட்டும் வேலைதான், ஓலைச்சுவடிகளுக்காக ஊரூராக நடந்ததோடு ஒப்பிடின் எளியது.

ஆய்வியல் நிறைஞர் ஏடுகளின் நிலை வேறு.  2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அப்பட்டத்தையே முடிவுக்குக் கொணர்ந்துவிட்டது. தமிழில் ஒரு சிற்றூரின் வழக்காறு, ஒரு கோயிலின் கதைப்பாடல், ஒரு தொழிலின் சொற்றொகுதி ஆகியன முதன்முதலாகத் தொகுக்கப்பெற்றவை பெரும்பாலும் அச்சிற்றேடுகளிலேயே. அவை கல்லூரி நூலக அலமாரிகளில் உள்ளன. சில அங்கும் இல்லை.

களஞ்சியமே அணுக முடியாமற் போவதும் உண்டு. பிரித்தானிய நூலகம் பேணிய ஈத்தோஸ் என்னும் ஆய்வேட்டுப் பட்டியல், 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் நெடுங்காலம் எட்டாததாயிற்று. அக்காலத்தில் அங்குத் தேடி ஒன்றும் காணாதவர் காணாததைக் கொண்டு எதையும் நிறுவியிருக்க இயலாது.

காண விரும்பாமை

இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டிலும் மேற்சுட்டிய தொடர் உள்ளது. பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், வேறொரு தேவைக்காகக் கல்லூரி நூலகமொன்றின் பூட்டிய அலமாரியைத் திறக்கச் செய்தபோது, ஏறத்தாழ அதே பொருளில் 1980களில் எழுதப்பெற்ற நிறைஞர் ஏடு ஒன்று கிடைத்தது. தட்டச்சுப் பொறியில் அடித்தது. கிரந்த எழுத்துகள் கையால் எழுதப்பட்டிருந்தன. இக்கட்டுரையாளர் தம் கண்டுபிடிப்பு என்று கருதியிருந்த வகைப்பாட்டின் பாதி அதன் மூன்றாம் இயலில் இருந்தது. அதை எழுதியவர் பின்னர்ப் பள்ளியாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார் என்று நூலகர் கூறினார். களவு நிகழவில்லை, அறியாமைதான். எனினும் மனம் அமைதியுறவில்லை. ஆராய்ந்து பார்த்தால் காரணம் புலப்படுகிறது. தேடிய காலத்தில் ஒன்றும் கிடைக்கக்கூடாது என்னும் விருப்பம் தேடலினூடே இருந்தது. கிடைத்திருந்தால் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும், பதிவுக்காலம் வீணாகியிருக்கும். இரண்டு சொற்களை இட்டுப் பார்த்து, ஒன்றும் வாராமை கண்டு, நிம்மதியோடு கணிப்பொறியை அணைத்த நாள் நினைவில் உள்ளது. அந்த நிம்மதியே குற்றத்தின் தொடக்கம்.

இவ்விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் சிந்தித்தற்குரியது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என வகுத்து, வழிநூலையும் தொகுத்தல் முதலாக நான்காகப் பகுக்கிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்க்கிறது. வழிநூலாக இருப்பது அம்மரபில் இழுக்கன்று. சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து நன்னூலார் வைப்பது 'வழி'யைத்தான். இந்நூல் எவ்வழி வந்தது என்று அறிவிப்பதே நூலின் தகுதியாக இருந்தது. இன்றைய பட்ட நடைமுறையோ முன்னோர் இல்லாமையையே தகுதியாகக் கேட்கிறது; அல்லது கேட்பதாக ஆய்வாளர் அஞ்சுகின்றனர். களஞ்சியத்தின் விவரக் குறிப்பு ஆசிரியர், தலைப்பு, நெறியாளர், துறை, ஆண்டு என ஏறத்தாழ ஒரு பாயிரம் போலவே அமைந்துள்ளது. அதில் 'வழி' மட்டும் இல்லை.

தேடுவோர் கடமையைப் போன்றதே வைப்போர் கடமையும். ஏட்டைப் படமாக மாற்றி அளித்தால் பிறர் களவாட இயலாது என்று கருதும் நெறியாளர்கள் உள்ளனர். 2018ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஒப்புமை பத்து விழுக்காடு வரை தண்டனையின்றி விடுகிறது. அறுபதைக் கடந்தால் பதிவை நீக்கச் சொல்கிறது. ஆயின் ஒப்பிடும் மென்பொருள் எழுத்தையே ஒப்பிடும், படத்தை ஒப்பிடுவதில்லை. பழைய எழுத்துருவையும் அது தமிழென அறியாது. ஆகவே படமாக வைத்த ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து தம்முடையதாக அளிப்பவர் பிடிபடுவதில்லை. நேர்மையாகத் தேடுபவருக்கோ அவ்வேடு அகப்படுவதில்லை. காவல் என்று கருதியது களவுக்குத் துணையாகிறது. தமிழ் ஆய்வேடு ஒன்றுக்கு 'ஒப்புமை இரண்டு விழுக்காடு' என்று தரப்படும் சான்றிதழும் ஒரு காணாமையைத்தான் கூறுகிறது.

முன்னாளில் இருவர் மூவர் படிப்பதற்கென எழுதிய ஏட்டை அவர் இசைவின்றி உலகறிய வைப்பது முறையா என்பது எதிர்வாதம். இதனை எளிதில் தள்ள இயலாது. இளமையில் எழுதியதை எண்ணி நாணுவோர் உண்டு. ஆயினும் பட்டம் தனிமனிதர் இருவரிடையே நிகழும் கொடுக்கல் வாங்கல் அன்று. வாய்மொழித் தேர்வு முன்னறிவித்துப் பொதுவில் நடத்தப்படுகிறது. பட்டம் அவையில் வழங்கப்படுகிறது. பொதுவில் பெற்ற ஒன்றன் அடிப்படையை மறைவில் வைக்கும் உரிமை நாணத்தால் கிட்டுவதில்லை என்றே தோன்றுகிறது. பெயர் மறந்துபோன அந்தப் பள்ளியாசிரியருக்கு நேர்ந்ததைக் காண, மறைவினால் இழப்பவர் பெரும்பாலும் எழுதியவரே என்பதும் தெளிவாகிறது.

இவ்வாண்டு இக்கட்டுரையாளரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் முதல் இயலில் அப்பழைய தொடர் நீக்கப்பட்டது. அதன் இடத்தில், சோத்கங்காவில் எந்தெந்தச் சொற்களைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இட்டு எந்த மாதத்தில் தேடினார், எந்தத் துறைகளின் பட்டியல்களை முழுமையாகப் படித்தார், எந்த நூலகங்களுக்கு நேரில் சென்றார் என்பன எழுதப்பட்டன. நிறைஞர் ஏடுகள் முழுமையாகப் பார்க்கப்படவில்லை என்பதும் சேர்க்கப்பட்டது. 'இவ்வெல்லைக்குள் தனியாய்வு கிடைக்கவில்லை' என்பது இறுதித் தொடர். இவ்வளவையும் ஒப்புக்கொண்டால் தேர்வாளர் ஏட்டின் தகுதியை ஐயுறமாட்டாரா என்று மாணவி வினவினார். ஐயுறக்கூடும் என்றே விடைகூற நேர்ந்தது. சற்று நேரம் எண்ணியிருந்துவிட்டு, அத்தொடரை அவ்வாறே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.