நடுக்கம் யார் செய்த வினை?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வயதான ஒருவருக்குக் கை நடுங்கி, நடை சுருங்கி, முகம் உறையத் தொடங்கினால், "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று தொழிலாளர் லயத்தில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. மணிக்கட்டில் கோயில் கயிறு ஏறிய பிறகுதான் பலர் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே நோயின் பெயர் பார்க்கின்சன். ரத்தம் எடுத்துக் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பும் பார்ப்பார்கள்.

அந்தக் கொழுப்புக் கணக்கு விசித்திரமானது. ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. எல்டிஎல் என்னும் கொழுப்பு குறைந்தவர்களுக்கே இந்நோய் அதிகம் என்றது அது. அதே ஆண்டு வந்த பின்லாந்து ஆய்வோ, மொத்தக் கொழுப்பு கூடியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றது. நடுக்கம் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை மங்கும், மலச்சிக்கல் வரும். பலருக்கு எடையும் இறங்கும். கொழுப்பு குறைந்ததால் நோயா, நோயால் கொழுப்பு குறைந்ததா? மூளையோ ரத்தத்தை நம்பாமல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

கூடவே வருவதெல்லாம் காரணம் ஆகாது. பாவம் என்ற விளக்கத்துக்கும் இதே உரைகல்தான்.

சைவ சித்தாந்தம் இப்பிறவியில் அனுபவிக்க வந்த வினையைப் பிராரத்தம் என்கிறது. ஆனால் அனுபவிப்பதெல்லாம் முன்வினையா என்று பரிவிராசகர் என்னும் அலைந்து திரியும் துறவி ஒருவர் கேட்டபோது, புத்தர் அதை மறுத்ததாகப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயம் சொல்கிறது. பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடுவது, பருவமாற்றம், கவனக்குறைவு, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கிவிட்டு, எட்டாவதாகத்தான் வினையைச் சேர்க்கிறார்.

வெளியிலிருந்து வருவது தோட்டத்தில் கண்ணெதிரேயே இருந்தது. களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு செம்பனை நிரைகளுக்குள் போவார்கள். பம்பு ஒழுகினால் சட்டையோடு முதுகும் நனையும். உள்ளே இருந்தவற்றில் ஒன்று பாராகுவாட். களைச்செடியின் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைச் சிதைத்துக் கொல்லும் நஞ்சு அது. அதைக் கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. மலேசியா 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடைசெய்தது.

இதைக் காட்டி ஒருவரின் நடுக்கத்துக்குப் பாராகுவாட்தான் காரணம் என்று தீர்ப்பெழுத முடியாது. பம்பையே தொடாத தோட்ட அலுவலகக் கிராணிக்கும் இந்நோய் வரும். ஆனால் வினையை நம்புகிறவர் ஒன்றை யோசிக்கலாம். பம்பை முதுகில் ஏற்றியதும், தடையைத் தளர்த்தியதும் செயல்கள்தாமே? இப்பிறவியில் புதிதாகச் சேரும் வினைக்கு ஆகாமியம் என்று சைவமே பெயர் வைத்திருக்கிறது. நோயாளியின் முற்பிறவியைத் துருவுவதற்கு முன், எந்தத் தோட்டம், எத்தனை வருடம் மருந்தடித்தார் என்று அவரிடமே கேட்டு மருத்துவக் கோப்பில் எழுதி வைக்கலாம்.