முதற் கையொப்பம்

காலையில் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம், மாலையில் பல்கலைக்கழகச் சொற்பொழிவு என்று பணி ஓய்வுக்குப் பின் அடியேனுடைய நாள்கள் கழிகின்றன. இரண்டாவது பழக்கத்தை உண்டாக்கியவன் வெளியூரில் படிக்கும் பேரன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸபோல்ஸ்கி என்னும் பேராசிரியர் மனித நடத்தையின் உயிரியலைப் பற்றி 2010ஆம் ஆண்டு நடத்திய 25 வகுப்புகளைக் கைப்பேசியில் கேட்க வழிசெய்து கொடுத்தான். வணிகவியல் படித்த அடியேனுக்கு அவற்றில் பாதிதான் விளங்கிற்று. விளங்கிய பாதியே உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

மனிதனுக்குச் சுதந்திரமான இச்சை என்று ஒன்று இல்லை என்பதே அவருடைய முடிந்த முடிபு. 2023இல் வெளிவந்த நூலில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஒருவன் இக்கணத்தில் செய்யும் செயலுக்கு, முந்தைய கணத்தில் மூளையில் நிகழ்ந்தது காரணம். அதற்கு அன்றைய காலையில் ஊறிய சுரப்புகள் காரணம். அதற்கும் பின்னே இளமைப் பருவம், கருவிலிருந்த நாள்கள், மரபணு, முன்னோர் வாழ்ந்த ஊர். இச்சங்கிலியில் 'இவன் செய்தான்' என்று சுட்டுவதற்கு இடமே இல்லையாம். ஆகவே பழிப்பதும் புகழ்வதும் நியாயமாகா என்கிறார்.

இதை வேறோர் ஊரிலிருந்து கேட்டிருந்தால் சுவையான வாதம் என்று விட்டிருப்பேன். அடியேன் இருப்பது கள்ளக்குறிச்சியில். 2024 ஜூன் மாதம் இவ்வூர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போயிற்று. இறந்தோர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்த வாரம் சன்னிதியிலும் தேநீர்க் கடையிலும் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "குடிக்காமல் இருந்திருக்கலாமே, இதற்குப் பணம் வேறா?" அடியேனும் தலையசைத்தவன்தான்.

செய்தித்தாளில் பெயர்ப்பட்டியல் வந்தபோது அதில் ஒரு பெயரைத் தேடினேன். பல ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரத்துக் கிளையொன்றில் பணிபுரிந்த காலத்தில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவர் கறவை மாட்டுக் கடன் கேட்டு வந்தார். விசாரித்ததில் மாலையானால் சாராயம் என்று தெரிந்தது. மனைவியின் தோடு ஏற்கெனவே அடகில் இருந்தது. மறுத்துவிட்டேன். அவர் மேசைக்கு எதிரே நின்றபடி, "சார், வேணாம்னுதான் வூட்ல இருந்து கெளம்புறேன். காலு அங்க போவுது" என்றார். "கால் உன்னோடதுதானே?" என்றேன். எழுத்தர்கள் சிரித்தார்கள். அந்தச் சாதுரியத்தை நெடுநாள் நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன்.

பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆறுதல் பிறந்தது. அந்த ஆறுதலுக்கு அப்பாலும் அறுபது பெயர்கள் இருந்தன என்பது மெல்லத்தான் உறைத்தது.

அவர் அன்று சொன்னதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்திருக்கின்றனர். பெர்ரிட்ஜ், ராபின்ஸன் என்னும் இருவர் 1993இல் முன்வைத்த கருத்துப்படி, ஒன்றை 'விழைவது' வேறு, அதில் 'இன்புறுவது' வேறு. மூளையில் அவற்றின் வழிகளும் வேறு. போதைக்கு ஆட்பட்டவனிடம் இன்பம் தேய்ந்துகொண்டே போகும்போதும் விழைவு மட்டும் வளர்ந்துகொண்டே போகலாம். நம் வியாக்யானங்களில் வாசனை, ருசி என்று இரு சொற்கள் அடுத்தடுத்து வருவது நினைவுக்கு வரும். ஆனால் 'எல்லாம் நம்மவர் அன்றே சொன்னார்கள்' என்று இதனோடு அதை ஒட்டவைக்க அடியேன் துணியமாட்டேன். இருவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் ஒன்றல்ல.

1983இல் கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் லிபெட் செய்த சோதனை இன்னும் புகழ்பெற்றது. விருப்பம்போல் மணிக்கட்டை அசைக்கச் சொன்னார். அசைவுக்கு ஏறக்குறைய அரை விநாடி முன்பே மூளையில் மின்குறி எழுந்தது. 'அசைக்கப் போகிறேன்' என்ற உணர்வோ, ஐந்தில் ஒரு விநாடி முன்புதான் வந்தது. மூளை முடிவெடுத்துவிட்டு நமக்குப் பிறகு தெரிவிக்கிறது என்று பலர் இதற்குப் பொருள் கொண்டனர். லிபெட் அவ்வாறு கொள்ளவில்லை. எஞ்சிய அச்சிறு பொழுதில் செயலைத் தடுக்கும் வல்லமை நமக்கு உண்டு என்றார். 2012இல் ஷுர்கர் முதலானோர் அந்த மின்குறி முடிவே அன்று, தானே ஏறி இறங்கும் மூளைச் சலனமாயிருக்கலாம் என்று காட்டினர். வழக்கு முடியவில்லை.

ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டாம் அத்யாயம், மூன்றாம் பாதம். ஜீவன் கர்த்தா என்று முதலில் நிலைநாட்டிவிட்டு, அக்கர்த்ருத்வமும் பரமாத்மாவுக்கு அதீனம் என்கிறார் எம்பெருமானார். அப்படியானால் பாபம் யாருடையது? இங்கே அவர் எடுத்தருளும் த்ருஷ்டாந்தம் வங்கிக்காரனை நிமிர்ந்து உட்காரவைக்கும். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவருடைய அனுமதி வேண்டும். ஆயினும் அந்த அனுமதியைப் பெற்றது இவருடைய முயற்சி; ஆகவே பலனும் இவருக்கே. கூட்டுக் கணக்கு! முதற் கையொப்பம் ஜீவனுடையது.

சரி, அந்த முதற் கையொப்பம் எல்லோருக்கும் ஒரே எளிமையில் வருகிறதா? முன்னிருப்புத் தெரியாமல் ஆண்டிறுதிக் கணக்கைக் கண்டு ஒருவரை மதிப்பிடலாகாது என்பது வணிகவியலில் முதல் பாடம். கல்வராயன் மலையில் ஓடைக்கரை ஊறல்களுக்கு நடுவே வளர்ந்து, உடல் நோகச் சுமந்து, மாலையில் அதே சாராயத்தின் மணத்தைக் கடந்து வீடு திரும்ப வேண்டியவரின் முன்னிருப்பு ஒன்று. நண்பகலில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்த அடியேனுடையது வேறொன்று. ஸபோல்ஸ்கி காட்டும் சங்கிலி இதை நன்றாக விளக்குகிறது. அதற்கு மேலே சென்று, கையொப்பமே இல்லை என்று அவர் சொல்லும்போது அடியேன் பின்தங்கிவிடுகிறேன். "வேணாம்னுதான் கெளம்புறேன்" என்றாரே, அது யார் சொன்ன சொல்?

விற்றவனுக்கும் இதே சலுகையா என்று கோஷ்டியில் ஒரு ஸ்வாமி கேட்டார். நியாயமான கேள்வி. பிரேக் கெட்ட வண்டியைச் சாலையில் விடலாகாது என்று ஸபோல்ஸ்கியே ஒப்புகிறார். நஞ்சு கலந்து விற்றவனுக்கு யோசிக்கக் கிடைத்தது ஐந்தில் ஒரு விநாடியும் அன்று.

ஆழ்வார்கள் தம் நெஞ்சை எதிரே நிறுத்திப் பேசும் பாசுரங்களை இப்போது வேறு விதமாக ஸேவிக்கிறேன். உலகத்தாரை நோக்கி உபதேசித்த பாசுரங்கள் இல்லாமலில்லை. ஆனால் கணக்குக் கேட்டு நிறுத்தும்போது பெரும்பாலும் தம் நெஞ்சையே நிறுத்துகின்றனர். கர்த்ருத்வம் என்னும் கொள்கையை அடியேன் அன்று மேசைக்கு எதிரே நின்றவர்மேல் செலுத்தினேன். நேரில் பாராத கையொப்பத்துக்குச் சான்றளிக்கக்கூடாது என்பதை வங்கியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றவன்.

அக்கடன் கோப்பில் மூன்று காரணங்கள் எழுதினேன்: குடிப்பழக்கம் உள்ளவர், தன்னடக்கம் இல்லாதவர், திருப்பிச் செலுத்தும் வாய்ப்புக் குறைவு. முதலாவது விசாரணையில் தெரிந்தது. மூன்றாவது விதிப்படி கணக்கிட்டது. இரண்டாவதற்கு அடியேனிடம் எந்த ஆவணமும் இருக்கவில்லை.